விளம்பரத்தை விட்டு வரும் மகளுக்கு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். விளம்பர வேலையை விட்டுவிட்டு இங்கே கலை மையத்துக்கு வரலாமா என்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. சம்பளம் பாதியாகக் குறையும் என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது. அவளுக்கு எதிரில் பேச வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அந்தக் கலை மையத்தின் இயக்குநர் பொறுப்பை எடுத்துக்கொள். சோப்பும் பிஸ்கட்டும் விற்றவளுக்குக் கூத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார்களே என்று பயப்படுகிறாய். கேட்கட்டும். சினிமா டைரக்டர் சியாம் பெனகல் 1959இல் பம்பாய் லிண்டாஸ் கம்பெனியில் விளம்பர வாசகம் எழுதத்தான் சேர்ந்தார். நூற்றுக்கணக்கில் விளம்பரப் படங்கள் எடுத்த பிறகுதான் சினிமாவுக்கு வந்தார், பிற்பாடு புனே திரைப்பட நிறுவனத்துக்கே தலைவராக இருந்தார். அவருடைய ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத் பால் கூட்டுறவுக்காரர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். படம் வந்ததும் லாரி பிடித்துப் போய்ப் பார்த்ததும் அந்த ஜனங்கள்தான். உன் மையத்துக்கும் அப்படிச் சொந்தம் கொண்டாடும் ஊர் ஒன்று வேண்டும். சத்யஜித் ராயும் 1943இல் கல்கத்தாவில் கீமர் விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தவர். அந்த வேலையில் இருந்துகொண்டேதான் 1947இல் நண்பர்களோடு பிலிம் சொசைட்டி ஆரம்பித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்கு வந்து, 1918இல் மதுரையில் தனியாகப் பாலர் சபையே தொடங்கினார். 1922இல் இந்த ஊரில்தான் காலமானார். நம் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். உப்புக் கணக்கு எழுதியவர் என்று யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இத்தனை வருஷமாக உன் வேலை எல்லாவற்றையும் 30 செகண்டுக்குள் அடக்குவது. அதில் நீ கெட்டிக்காரி. இங்கே வரும்போது அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வா.

திருக்கனூர்ப் பக்கம் கூத்துப் பார்த்தது உனக்கு நினைவிருக்கலாம். துரியோதனன் வருகிறான் என்றால் சட்டென்று வந்து நின்றுவிடுவதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். பின்னாலிருந்து பாட்டு வரும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால். கோமாளிக் கட்டியங்காரன் கேள்வி கேட்டு வம்பிழுப்பான், முகவீணைக் குழல் இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிடும். திரை விலகுவதற்குள் ஊரே அவனுக்காகக் காத்திருக்கும். இப்போது கலை விழாக்களில் அரை மணிக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். திரைப் பிரவேசம் போய்விடுகிறது, நேரே அடவு, நேரே கைதட்டல். கூத்து வாத்தியார்களும் ‘சரி, கொடுத்த நேரம் போதும்’ என்று ஆடிவிட்டுப் போகிறார்கள். வயிற்றுப்பாடு, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ‘விடிய விடிய ஆடுங்கள், பார்க்க ஆட்களை நான் கொண்டுவருகிறேன்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஆட்களைக் கொண்டுவரும் வித்தை உன்னிடம் இருக்கிறது. அதனால்தான் நீ வர வேண்டும் என்கிறேன்.

பணத்தைத் திரட்டுவதில் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும் என்ற 2013 சட்டத்தில் கலை, பண்பாடும் சேர்த்தி என்று நீதான் எனக்கு விளக்கினாய். அந்தக் கம்பெனிக்காரர்கள் என்ன கேட்பார்கள், எதற்கு மசிவார்கள் என்பது எந்தப் பாகவதரையும்விட உனக்குத் தெரியும்.

கொடுப்பதில்தான் கவனம். உன் சித்தப்பா ஒரு விழாவில் மிருதங்கம் வாசித்துவிட்டு, வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணத்துக்காக மாதக்கணக்கில் நடந்தார். கடைசியில் பஸ் செலவே மிஞ்சாது என்று போவதை விட்டுவிட்டார். நான் சினிமா பேனர் எழுதிய காலத்தில் கட்டம் போடும் பையனுக்கும் அன்றன்றைக்குக் கூலி கொடுத்துவிடுவோம். கையில் சாயம் காய்வதற்குள் காசு வந்துவிட்டால் மறுநாள் அவன் போடும் கோடே நேராக இருக்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் மையத்தை நடத்தும் அந்த டிரஸ்ட்காரர்களிடம் இரண்டை எழுத்தில் வாங்கிக்கொள். ஆடி முடித்த அன்றைக்கே கலைஞர்களுக்குப் பணம். எது எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பதை நீயும் அந்தக் கலைஞர்களும் முடிவு செய்வது. வாய்ப்பேச்சை நம்பாதே, அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி.

சம்பள விஷயத்தை அம்மாவிடம் நானே பேசுகிறேன். மாடி அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், வரும் தேதி தெரிந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா