சோழிக்கு மெருகு போட்டது யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் முடிந்து நீயே கைப்பட எழுதியிருக்கிறாய், அதைப் பார்த்ததுமே பாதிக் கவலை போய்விட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

சோழிக்கு யார் மெருகு போடுகிறார்கள் என்று கேட்டிருந்தாயே, உள்ளே இருக்கும் நத்தையேதான்! தன் உடம்பிலிருந்து இரண்டு சதைமடிப்புகளை வெளியே நீட்டி, ஓட்டின் இருபுறத்தையும் போர்வைபோல மூடிக்கொள்கிறது. அந்தச் சதைதான் ஓட்டின் மேல் படலம் படலமாகச் சுண்ணாம்பைப் பூசுகிறது. கடல்நீர் வற்றியிருந்த ஒருநாள் பாறையோரம் கல்லைப் புரட்டியபோது நானே பார்த்தேன். விரல் பட்டதும் போர்வை இரண்டு பக்கமும் மெல்ல வழிந்து உள்ளே போனது. ஓடு அப்போதுதான் கழுவி வைத்தாற்போல மின்னியது. கல்லைப் பழையபடி வைத்துவிட்டு வந்தேன்.

கல்லூரி நாளில் நீ கொடுத்த இரண்டு சோழிகளும் இன்னும் மேசை டிராயரில் இருக்கின்றன. ஒன்றுக்கு வாய் அகலம், உதடு மெல்லிசு, உச்சியில் சுருள் தெரியும். வேறு இனம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது குஞ்சாம்! வளர்ந்ததும் உதடு உள்ளே சுருண்டு, பல்வரிசை வந்து, வாய் வெறும் கீறலாகிவிடும். அப்புறம் நீளம் கூடாது, கனம்தான் ஏறும்.

பணமாகப் புழங்கியதும் இதே இனம்தான். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த 'மொனேட்டா' என்ற பெயருக்கே லத்தீனில் பணம் என்றுதான் பொருள். மாலத்தீவில் சோழிகளைக் கரையோரக் குழிகளில் போட்டு, சதை அழுகியதும் வெள்ளை ஓட்டை எடுத்ததாக 14ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா எழுதியிருக்கிறார். வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்கினார்கள். பிற்பாடு ஐரோப்பியக் கப்பல்கள் இவற்றை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் மனிதர்களையே விலைக்கு வாங்கின. அதைப் படித்த அன்று டிராயரைத் திறக்கவே மனம் வரவில்லை.

பேத்தி விளையாட ஒரு பை சோழி வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாமே. கரையில் ஒதுங்கிய சோழி வெயிலிலும் மணலிலும் சீக்கிரம் மங்கிவிடும். கண்ணாடிபோல மின்னுவதெல்லாம் பெரும்பாலும் உயிரோடு பிடித்தவை. என்னிடம் உள்ள இரண்டையும் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. குஞ்சின் உதடு சட்டென்று உடையும், பத்திரம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்