பெஞ்சுக்காரிக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
ஞாயிறு ராத்திரி.

அன்புள்ள பெஞ்சுக்காரிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. உன் வீட்டுக்கார அண்ணனுக்கு ஒசூரில் வேலை கிடைத்ததை ரெண்டு வரியில் முடித்துவிட்டு, ஊரை விட்டுப் போகணுமே என்று மகள் அழுததை ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். “போன வருஷம் ஊர் மாறினப்ப நீ பிள்ளைகள எப்படிச் சமாளிச்ச?” என்று கேட்டிருக்கிறாய். எங்கே சமாளிச்சேன்? தப்புத் தப்பாய்ச் செய்துவிட்டுப் பிறகு முழித்தேன். அதைச் சொல்கிறேன், கேட்டுக்க.

மே மாசக் கடைசியில் திருநெல்வேலி டவுன் வளவு வீட்டைக் காலி செய்துவிட்டு ராத்திரி ரயில் ஏறினோம். ஏழு குடும்பம், ஒரே முற்றம், பகலில் யார் வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது என்று உனக்குத் தெரியும். இங்கே மூணாவது மாடி. சின்னவன் நாளைக்குப் பத்துத் தடவை வாசல் கதவைத் திறந்துவைப்பான், நான் சாத்துவேன். கொசு வருது, நாய் வருது என்று சொல்லிச் சொல்லிச் சாத்தினேன். ஒரு நாள், “கதவு சாத்தியிருந்தா நாம உள்ள இருக்கோம்னு யாருக்கும்மா தெரியும்?” என்று கேட்டான். அதற்கப்புறம் சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்தே போட்டேன். கொசு வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளையும் வந்தது.

பேச்சுதான் பெரிய கூத்து. முதல் வாரமே வகுப்பில் பக்கத்துப் பையனை, “ஏலே, இங்க வால” என்று பாசமாய்க் கூப்பிட்டிருக்கிறான். மரியாதை இல்லாமல் பேசுகிறான் என்று டீச்சர்வரை போய்விட்டது. நம்ம ஊரில் ‘ஏலே’ கிடைக்காவிட்டால்தான் கோபம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூத்தவளிடம் ஒருத்தி “அக்கட்டால போ” என்றாளாம். எந்த அக்காகிட்ட போகச் சொல்கிறாள் என்று இவள் சுற்றுமுற்றும் பார்த்தாளாம். ‘தள்ளிப் போ’ என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். எட்டாவது படிக்கிறவளைக் கடைக்காரர் “என்னங்க பாப்பா வேணும்?” என்று கேட்டதும், கேலி செய்கிறார் என்று அழுதுகொண்டே வந்தாள். இப்போது வீட்டில் நெல்லை, வெளியே கொங்கு என்று ரெண்டும் பேசுகிறார்கள். ஒசூரில் உன் மகளுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். முதலிலேயே சொல்லிவை. சிரிப்பதற்கு விஷயம் கிடைக்கப்போகிறது என்று சொல்.

பள்ளிக்கூடக் காரியம் ஒன்று, மறந்துவிடாதே. டி.சி. கையில் வாங்கினால் மட்டும் போதாது. பழைய பள்ளியில் எமிஸ் என்கிற அரசு மாணவர் பதிவுக் கணக்கிலிருந்து மகள் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதுப் பள்ளியில் எடுக்க முடியும். ‘காமன் பூல்ல விட்டாச்சா’ என்று கேள், அவர்களுக்குப் புரியும். எங்களுக்கு அதற்கே ஒரு வாரம் அலைச்சல்.

மூத்தவளிடம், “நீ பெரியவ, தம்பியப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டேன். அவளும் ரெண்டு மாசம் தம்பியைப் பார்த்துக்கொண்டாள், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. நானும் இவள் தேறிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நாள் பேனா மூடி காணவில்லை என்று ஆரம்பித்தவள் ராத்திரி சாப்பாடுவரை அழுதாள். மூடிக்காகவா அழுவாள்? உன் மகள் இப்போதே அழுகிறாள் என்றால் நல்லது, அழட்டும்.

நெல்லையப்பர் ஆனித் தேருக்கு ஊருக்குக் கூட்டிப்போனேன். “ஒரு மாசங்கூட ஆகல, மறுபடி கூட்டிவந்தா மனசு ஒட்டாது” என்று அத்தை தடுத்தாள். நான் கேட்கவில்லை. ரதவீதியில் வடம் தொட்டுவிட்டு வளவைப் பார்க்கப் போனோம். நம்ம கொடியில் வேறு யாருடைய சட்டையோ காய்ந்தது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தாங்களாகவே திரும்பி நடந்தார்கள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

இனிச் சொல்வதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. சின்னவனுக்கும் ஆச்சிக்கும் தாயம் விளையாட்டு உண்டல்லவா? அதில் கட்டைக்குப் பதிலாய் உருட்டவென்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் புளியமுத்து வைத்திருந்தான். ஒவ்வொன்றையும் முன்கூடத் தார்சாத் தரையில் ஒரு பக்கம் வெள்ளை தெரிகிறவரை தேய்த்தது. தேய்க்கத் தேய்க்கச் சூடேறும், விரலை ஊதி ஊதித் தேய்ப்பான். சாமான் கட்டும் அவசரத்தில் குப்பை என்று கொட்டிவிட்டேன். அவன் கேட்கவே இல்லை, மறந்துவிட்டான் என்று இருந்தேன். நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். வந்த நாளிலிருந்து பிரிக்காத பெட்டி அது ஒன்றுதான். பொம்மை ஒவ்வொன்றாய் எடுக்க எடுக்கப் பக்கத்திலேயே நின்றான். கடைசியில் பெட்டிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். அத்தனை மாசமும் அதற்குள் இருக்கிறது என்றே நினைத்திருக்கிறான்.

நான்தான் கொட்டினேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. பொங்கலுக்குப் போனபோது ஆச்சி ஒரு சுருக்குப்பை நிறையக் கொடுத்தனுப்பினாள். இங்கே தரையெல்லாம் வழவழ டைல்ஸ், எதைத் தேய்க்க? மொட்டைமாடிச் சிமெண்டில் எதிர்வீட்டுப் பையனும் இவனும் உட்கார்ந்து தேய்க்கிறார்கள்.

பால் காய்ச்சும் நாளை எழுது, வரப் பார்க்கிறேன். ஒசூர் குளிருமாம், மகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்க.

சின்னவன் தோள் வழியே எட்டிப் பார்த்து இதை வாசிக்கிறான். “அந்தப் பிள்ளையோட சாமானை லாரியில ஏத்த வேண்டாம், கையிலயே வச்சுக்கச் சொல்லு” என்று எழுதச் சொல்கிறான்.

இப்படிக்கு,
ஜன்னலோரம் உனக்கு விட்டுக்கொடுக்காதவள்