நிலுவை பூஜ்யம் என்று காட்டிய பத்தொன்பது நாட்கள்: பாதுகாப்பு அறிவிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

காரைக்குடியில் ஒரு சிறு கடன் சங்கத்தில், உங்கள் லினக்ஸில் ஓடும் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். அதில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளையும் அவற்றுக்கான திருத்தங்களையும் நீங்கள் மின்னஞ்சலில் அறிவிக்கிறீர்கள். சென்ற மாதம் உங்கள் அறிவிப்பு மின்னஞ்சல்களின் பொருள் வரியிலிருந்து சதுர அடைப்புக்குறியை நீக்கியதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டுதான் என் ஸ்கிரிப்ட், அதாவது நான் எழுதிய சிறு நிரல், ஒவ்வோர் அறிவிப்பையும் நாங்கள் போட வேண்டிய திருத்தங்களின் பட்டியலில் ஏற்றி வந்தது. குறி போனதும் அது எந்தப் பிழையும் சொல்லாமல், பத்தொன்பது நாட்கள் “நிலுவை: 0” என்றே காட்டியது. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

என் பங்கையும் மறைக்கவில்லை. கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டுக்குத் தொழில் செய்யப் போன இடத்திலிருந்து கடிதம் வராத நாளில் என் ஐயா பேரேட்டில் “கடிதம் வரவில்லை” என்று எழுதினாரே தவிர, சுழி போட்டதில்லை. அந்த ஏடுகள் இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டகசாலையில் இருக்கின்றன. என் ஸ்கிரிப்ட் சுழி போட்டது. அதைத் திருத்திவிட்டேன்.

திருத்த முடியாதது அறிவிப்போடு வரும் உங்கள் பிடிஎப். விட்டுப்போனவற்றை ஏற்ற ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்தேன். அட்டவணையின் கட்டம் குறுகலாக இருப்பதால் பேக்கேஜின் (மென்பொருள் தொகுப்பின்) பெயர் இடைக்கோட்டில் உடைந்து அடுத்த வரிக்குப் போகிறது; நகலெடுத்தால் அந்தக் கோடு காணாமல் போகிறது; வெளியீட்டு எண்ணின் கடைசி இலக்கம் பக்கத்துப் பேக்கேஜோடு ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துக் கையால் தட்டினேன். நடுவில் இருமுறை மின்சாரம் போனது. முடித்தபோது முற்றத்தில் விடிந்திருந்தது.

இதைச் சொன்னதற்கு, “பதிப்பு எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்” என்று உங்கள் உதவி மையத்திலிருந்து பதில் வந்தது. அது போதாது. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, அதன் குழு 1.0.1ஜி பதிப்பில் அதைச் சரிசெய்தது. ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் 6-லோ 1.0.1இ என்ற பழைய எண்ணை மாற்றாமலே திருத்தத்தை உள்ளே சேர்த்து, பின்னால் வரும் வெளியீட்டு எண்ணை மட்டும் உயர்த்தினார்கள். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்தவருக்கு, ஓட்டை அடைபட்ட சர்வரும் அடைபடாத சர்வரும் ஒன்றாகவே தெரிந்திருக்கும். நீங்களும் அதே முறையில்தான் திருத்துகிறீர்கள். ஆகவே எந்த வெளியீட்டில் எந்தக் குறை தீர்ந்தது என்பதை உங்கள் அறிவிப்பு ஒன்றுதான் எங்களுக்குச் சொல்ல முடியும்.

நான் கேட்பது ஒன்றே: அறிவிப்புகளை ஸ்கிரிப்ட் படிக்கும் வடிவில், மாறாத ஒரே முகவரியில் வெளியிடுங்கள். இது புதுமையல்ல. டெபியன் என்ற லினக்ஸ் தன் பாதுகாப்புத் தரவை, நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் கோப்பாகத் தருகிறது. இத்தகைய அறிவிப்புகளுக்கான சிஎஸ்ஏஎஃப் என்ற பொது வடிவம் 2022 முதல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையாக இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பேக்கேஜ்களை நாங்கள் இறக்கிக்கொள்ளும் ரெபாசிட்டரியிலேயே, திருத்தங்களின் விவரம் சொல்லும் அப்டேட்இன்ஃபோ கோப்பைச் சேர்த்துவையுங்கள். எது பாதுகாப்புத் திருத்தம் என்பதை, பேக்கேஜ்களை நிறுவும் டிஎன்எஃப் கட்டளையே சொல்லிவிடும், என் ஸ்கிரிப்டுக்கு வேலையே இருக்காது.

இப்போதைய பிடிஎப்பில் முதல் பக்கம் முழுக்க உங்கள் சின்னம். எல்லாப் பக்கங்களிலும் குறுக்காக “இரகசியம்” என்ற நிழலெழுத்து. ஓட்டை உலகத்துக்கே தெரியும், அடைக்கும் வழி மட்டும் எங்களுக்கு இரகசியம் போலும். அதுவும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் வருகிறது. ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு. உங்கள் ஒரு பிடிஎப்பைப் பிரித்தெடுக்கவே எனக்கு அதில் பாதி நேரம் போய்விடும்.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டேன், பொறுத்தருளுங்கள். ஸ்கிரிப்ட் படிக்கும் வடிவில், மாறாத ஒரே முகவரியில் அறிவிப்புகளைத் தந்து உதவுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். அதுவரை, பொருள் வரியை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர் ஒருவர்,
காரைக்குடி