முல்லைத்தீவின் நந்திக்கடல் கரைக்குப் பேய் பார்க்க ஆள் கூட்டி வருவோருக்கும், அதற்கு இசைவு தந்த அதிகாரிகளுக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கடந்த வெள்ளிக்கிழமை இரவு உங்கள் பேய்ச் சுற்றுலா வான் எங்கள் ஊருக்கு வந்தபோது நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். காணொளியையும் பார்த்திருப்பீர்கள், மறுநாள் மதியத்துக்குள் அது எங்கள் பிள்ளைகளின் தொலைபேசிகளுக்கே வந்துவிட்டது. ஆகவே வான் யாருடையது, எத்தனை பேர் வந்தார்கள், ஆளுக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அந்தக் காணொளியில் தலைவிரிகோலமாகப் படலையை நோக்கி ஓடிவருகிறாரே ஒரு பெண், அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பல வருடங்களாக அந்த வீட்டுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுப்பவன் நான்.

உங்கள் விளம்பரத் தாளில் அந்த வீட்டுக்கு ‘அழும் வீடு’ என்று பெயர். நள்ளிரவில் யாரும் இல்லாத விறாந்தையில் விளக்கு எரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கு எரிவது உண்மை. அது ஓர் அரிக்கன் லாம்பு. சிமினியின் ஒரு பக்கம் வெடித்து, அந்த வெடிப்பின்மேல் கடதாசி ஒட்டியிருக்கும். வீட்டுக்கு மின்சாரம் கிடைத்துக் கன காலம். ஆனாலும் பொழுது பட்டதும் அந்த வீட்டு அக்கா லாம்பைத் துடைத்து, திரியை நறுக்கி, கொளுத்தி, விறாந்தைத் தூணில் உள்ள ஆணியில் கொழுவி விடுவார். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது சனநெரிசலில் கைவிட்டுப்போன மகனுக்கு இந்த வீட்டில் தெரிந்த வெளிச்சம் அதுதான். மின்குமிழ் எரியும் வீட்டை அவன் பார்த்ததில்லை. இருட்டில் வந்தால் வீடு மாறிப் போய்விடுவானோ என்பது அவருடைய பயம்.

நடுச்சாமத்தில் வீட்டுப் படலையடியில் ஒரு வாகனம் வந்து நின்றால் எங்கள் ஊரில் அதற்கு இரண்டே பொருள். ஒன்று, யாரையோ பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். மற்றது, இத்தனை வருடமாக அக்கா மனதுக்குள் வைத்திருப்பது: கொண்டுவந்து விட வந்திருக்கிறார்கள். அன்று உங்கள் வானின் சத்தம் கேட்டதும் அவர் முடிந்திருந்த தலை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். வந்தவர்கள் “பேய், பேய்” என்று கத்திக்கொண்டு வானுக்குள் ஏறினார்கள். ஏறியும் ஒருவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. அக்கா படலையைப் பிடித்தபடி நிற்பதோடு காணொளி முடிகிறது. அதற்குப் பிறகு அவர் அங்கேயே குந்தியிருந்தார் என்பதை அயல்வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன்.

திங்கட்கிழமை நான் போனபோது, “தம்பி, என்னைப் பார்த்தா அந்தப் பிள்ளைகள் ஓடினார்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அவர் லாம்பு கொளுத்தவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துத்தானே அவர்கள் வருகிறார்கள், கொளுத்தாவிட்டால் வரமாட்டார்கள் என்கிறார். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓர் இரவும் அணையாத விளக்கு அது. அவருடைய கிணற்றில் தண்ணீர் அள்ள வரும் பக்கத்து வளவுச் சிறுமியும் இப்போது வருவதில்லை. அவளிடமும் அந்தக் காணொளியை யாரோ காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையோரக் கிராமங்களுக்குள் இந்த இரவுச் சுற்றுலாவை நிறுத்துங்கள்.

உங்கள் தாளில் ‘பேய் வீடுகள்’ என்று மேலும் நான்கு வீடுகள் உள்ளன. நான்கின் விலாசமும் எனக்குத் தெரியும். ஒன்றின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை வளவைத் துப்புரவாக்கக் காசு அனுப்புவார். இன்னொன்றின் குடும்பம் முழுவதும் 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போனது. கூரை இல்லாமல், சுவருக்குள் வேம்பு முளைத்து நிற்கும் மூன்றாவது வீட்டுக்குக் காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது. அந்த உறுதிக்காக ஒரு தகப்பன் அலைந்த அலைச்சலை, அவருக்கு வந்த ஒவ்வொரு பதிவுத் தபாலிலும் கையெழுத்து வாங்கிய நான் அறிவேன். நான்காவது வீட்டுக்கு வந்த கடிதங்களை ‘பெறுநர் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியவனும் நானே. ஆள் இல்லாத வீடு எல்லாம் பேய் வீடு என்றால் வன்னியில் பாதி ஊர் பேயூர்தான். அந்த வீடுகள் ஏன் ஆளில்லாமல் கிடக்கின்றன என்று கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். நீங்களே அவற்றுக்கு டிக்கெட் போட்டால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

எங்களுக்குப் பேய்க்கதை பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். வன்னியில் பிறந்தவனுக்குக் கதை சோற்றோடு ஊட்டப்பட்டது. காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவன் காட்டுத் தெய்வமான ஐயனுக்கு ஒரு குழை முறித்துக் கட்டாமல் உள்ளே கால் வைக்கமாட்டான். மத்தியானம் புளியமரத்தடியில் படுத்தால் முனி அடிக்கும் என்று என் அப்பு சொல்லித்தான் நான் வளர்ந்தேன். மாரியில் சேற்று நிலத்தில் தெரியும் நெருப்பைக் கொள்ளிவாய்ப் பேய் என்போம். அது சதுப்பு வாயு எரிவது என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிறகும் அந்தப் பக்கம் போகப் பயப்பட்டோம். கதை கேட்க வருகிற எவரையும் நாங்கள் திண்ணையில் இருத்தித் தேநீர் கொடுத்துச் சொல்வோம். ஆனால் எங்கள் கதைகளில் வரும் பேய்களுக்கு ஓர் எல்லை இருந்தது. மரத்துக்கும் துறைக்கும் சந்திக்கும் பேய் உண்டு. பிள்ளையைத் தேடும் தாயை யாரும் பேய் என்று சொன்னதில்லை.

உங்கள் வழிகாட்டி அன்று வானுக்குள் சொன்ன கதையும் காணொளியில் இருக்கிறது. நந்திக்கடல் கரையில் இரவில் அலையும் ஆயிரம் கண் உடைய கிழவியின் ஆவி என்கிறார். ஐயா, அவர் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைப் பற்றிப் பேசுகிறார். மதுரையை எரித்த சினத்தோடு வந்த அம்மாள் இந்தக் கரையில் ஒரு கிழவியாக இருந்தாள். மாடு மேய்த்த இடைச் சிறுவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை அள்ளி ஊற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிப் பார்த்த சிறுவர்களுக்குத் தலை எல்லாம் கண்ணாகத் தெரிந்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில்தான் விளக்கு எரிக்கிறோம். மகன் காணாமற்போன தாய்மார் அந்த விளக்கின் முன்னால் நின்று என்ன கேட்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மாளைத்தான் உங்கள் ஆள் காசுக்கு ஆவியாக்கியிருக்கிறார்.

வெளிநாடுகளிலும் இப்படிச் சுற்றுலா நடக்கிறது என்று உங்கள் பக்கத்தில் நியாயம் சொல்லப்படுவதாக அறிந்தேன். நடக்கிறதுதான். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் நிலத்துக்கடியில் இருக்கும் பழைய சந்துகளுக்கு ஆட்களைக் கூட்டிச் சென்று, 1645இல் கொள்ளை நோயில் இறந்தவர்களின் கதையைச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 380 வருடத்துக்கு முந்திய சாவு அது. அப்படி இறந்தவர்களின் தாய்மார் இன்று விறாந்தையில் விளக்கு வைத்துக்கொண்டு இருக்கவில்லை. இந்தியாவில் பேய்க்கு மிகவும் பெயர்போன இடம் இராஜஸ்தானின் பாங்கர் கோட்டை. சூரியன் மறைந்தால் விடியும்வரை அதற்குள் யாரும் போகக் கூடாது என்று அங்கே தொல்லியல் துறையே பலகை நட்டு வைத்திருக்கிறது. ஆள் குடியில்லாத கோட்டைக்கே இரவில் தடை. ஆள் குடியிருக்கும் எங்கள் ஊருக்கு இரவில்தான் நீங்கள் வானை விடுகிறீர்கள்.

இங்கே மண்ணுக்குக் கீழே இருப்பதும் முடிந்துபோன கதை அல்ல. 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய குழியில்தான் மனித எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்வு முடிந்தபோது 50க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. உடுப்பில் ஏதேனும் அடையாளம் தெரியுமா என்று செய்தியில் வந்த படங்களை அக்கா என்னிடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பதில் கேட்டு வீதியோரம் போய் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் இருந்த எத்தனையோ பேர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். உயிரோடு இருக்கும் பிள்ளையா, இறந்த பிள்ளையா என்று தெரியாமல் திவசம்கூடச் செய்ய முடியாத வீட்டுக்கு முன்னால் வந்து நின்று, இங்கே ஆவி இருக்கிறது என்று மற்றவருக்குக் காட்ட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. மன்னியுங்கள். ஆனாலும் தொடங்கியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் பொழுது படுமுன் போய்விடும். அதற்குப் பின் பிள்ளைப்பேற்று வலி வந்தால் யாருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமாவது கிடைக்க வேண்டும். போன மாரியில் யானை வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தபோது வீதி விளக்குக் கேட்டு மனுக் கொடுத்தோம், இன்னும் வரவில்லை. அந்த இருட்டு உங்கள் சுற்றுலாவுக்கு வசதியாகப் போய்விட்டது. சில இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலையும் முடியவில்லை. இரவில் வழி தவறி யாராவது காட்டுப்பக்கம் இறங்கினால் அதற்கு யார் பொறுப்பு?

சுற்றுலா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிழைப்புக்கு வழி வந்தால் எங்கள் இளைஞர்களுக்கும் நல்லது. கதையும் பழைய கட்டடமும் வேண்டுமென்றால் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் ‘அல்லிராணிக் கோட்டை’ இருக்கிறது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அது. சனம் அதைக் கதையில் வரும் அல்லிராணிக்குக் கொடுத்துவிட்டது. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது. முதலில் அதைக் காப்பாற்றுங்கள். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31 அன்று வன்னி மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்ற இடத்தின் கல் இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, பகலில் வாருங்கள். வைகாசியில் வற்றாப்பளைக்கு வாருங்கள். இரவு முழுவதும் எங்களோடு விழித்திருக்கலாம்.

ஐயா, அம்மணி, மரியாதையாகவே மறுபடியும் கேட்கிறேன். கரையோரக் கிராமங்களுக்குள் இந்த இரவுச் சுற்றுலாவை நிறுத்துங்கள். விளம்பரத் தாளிலிருந்து அந்த ஐந்து வீடுகளையும் எடுத்துவிடுங்கள். காணொளியை அழிக்க உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்.

இனி வான் வராது என்று அந்த அக்காவின் பெயருக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம் அனுப்பினால் போதும். எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். கடிதம் வந்த அன்றே நான் கொண்டுபோய்க் கொடுத்து வாசித்துக் காட்டுவேன். மண்ணெண்ணெய் வாங்கிக் குசினி மூலையில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
நந்திக்கடல் கரையோரக் கிராமம் ஒன்றின் தபாற்காரன்