கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடாதே

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன், நிதானமாக விசாரிக்க இப்போது நேரமில்லை. நேற்று உன் தங்கை தொலைபேசியில் சொன்னாள்: உன் ஆட்டோமேட்டிக் கார் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொள்கிறதாம், ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்களாம், நீயும் தலையாட்டப் போகிறாயாம். தலையை அப்படியே நிறுத்து. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. கையெழுத்து விஷயத்தில் நீ வள்ளல் என்பது நெட்டையன் கல்யாணத்திலேயே தெரிந்துபோயிற்று.

என் காருக்கும் இதே நோய் வந்து இப்போதுதான் தீர்ந்தது. அதனால்தான் இத்தனை நாள் மௌனத்தையும் உடைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீயும்தான் எழுதவில்லை, ஆகவே அந்தக் கணக்கு நேர்.

காலையில் கிளம்பும்போது வண்டி சொன்னபடி கேட்கும். நன்றாகச் சூடேறிய பிறகு, நெரிசலில் நின்று நின்று நகரும்போது, பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் ஒரு வெட்டு வரும். அதன்பின் எந்த வேகத்திலும் ஒரே கியர்தான். ஓரமாக நிறுத்தி, அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் சமர்த்தாக ஓடும். இதை லிம்ப் மோட் என்கிறார்கள். கியர்பாக்ஸை ஆளும் கணினியான டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக டி.சி.எம்., தனக்கு வரும் தகவலை நம்ப முடியாதபோது, கியர் மாற்றும் மின் வால்வுகளான சாலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் நின்றால் எண்ணெய் அழுத்தம் தானாக ஒரு கியரைப் பிடித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். வீடு போய்ச் சேர அது போதும் என்பது ஏற்பாடு.

தேய்ந்த கிளட்ச் தகடும் வண்டியை இந்த நிலைக்குத் தள்ளக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் தகடு நழுவினால் என்ஜின் சுழற்சி விர்ரென்று ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. என் வண்டி ஒருநாளும் அப்படிச் செய்யவில்லை. இதை எடுத்துச் சொன்னபோது நான் முதலில் போன மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை, நம் வாத்தியாரிடம் கேள்வி கேட்டவனை அவர் பார்ப்பாரே, அதேதான்.

ஸ்கேனரை மாட்டினார். பழுதுக் குறியீடு பி0700 என்று வந்தது. "கியர்பாக்ஸ் போச்சு சார்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே எழுதுவது? பி0700 என்றால் டி.சி.எம். தன்னிடம் ஒரு பழுது பதிவாகியிருக்கிறது, எச்சரிக்கை விளக்கைப் போடு என்று என்ஜின் கணினியிடம் கேட்டிருக்கிறது. அவ்வளவுதான் அதன் பொருள். என்ன பழுது என்பது டி.சி.எம்.முக்குள் வேறொரு எண்ணாக இருக்கும். வாசலில் 'விவரம் உள்ளே' என்று ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு வீட்டையே இடிக்கக் கிளம்பிய கதை இது. மலிவான ஸ்கேனர்களில் பல என்ஜினை மட்டுமே படிக்கும், உள்ளே போகாது. உன் ஒர்க்‌ஷாப்பிலும் இதுதான் நடந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

எல்லா மாட்யூல்களையும் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். என்ஜின் கணினியில் யு0101 இருந்தது, அதாவது டி.சி.எம்.முடன் தொடர்பு அறுந்தது. டி.சி.எம்.முக்குள் பி0613, அதன் செயலியிலேயே கோளாறு. அப்படியானால் மாட்யூலை மாற்ற வேண்டியதுதானே என்று கேட்டேன். "அவசரப்படாதீர்கள், மின்சாரம் சரியாக வராத மாட்யூலும் இப்படித்தான் உளறும்" என்றார் அந்த மனிதர். அப்போதே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட், என்ஜின் ஓடும்போது 14க்குச் சற்று மேல். நல்லது. அடுத்து எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள் என்றார். ஒயரின் இழைகள் அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் 'சரி' என்றே காட்டும், மின்சாரம் பாயும்போதுதான் வேஷம் கலையும். அதனால் என்ஜினை ஓடவிட்டு, மாட்யூலின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் பார்த்தார். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இருந்தது. பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6ஆம், 14ஆம் முனைகளுக்கு இடையே தடையை அளந்தார். வண்டியின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயரான கேன் இணைப்பின் இரண்டு நுனியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால், சேர்த்துப் பார்த்தால் 60 ஓம் வர வேண்டும். 120 என்றால் ஒரு நுனி அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டினால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. எனக்கு 60. கனெக்டரைப் பிடுங்கி முனைகளையும் பார்த்தார். சில வண்டிகளில் கியர் எண்ணெய் ஒயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து மாட்யூல்வரை வந்துவிடுமாம்! என்னுடையது காய்ந்திருந்தது.

மிச்சம் மாட்யூல்தான். அதையும் சந்தேகத்தில் விடவில்லை அவர். வண்டி ஆறியிருந்தபோது, நின்ற இடத்திலேயே ஸ்கேனரை இணைத்து வைத்துக்கொண்டு, ஹேர் டிரையரால் மாட்யூலை மட்டும் சூடுகாட்டினார். சற்று நேரத்தில் திரையிலிருந்து டி.சி.எம். மறைந்தது. ஆறவிட்டதும் திரும்பி வந்தது. மறுபடி சூடுகாட்டினார், மறுபடி மறைந்தது. உள்ளே எங்கோ ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கும், சூட்டில் விரிந்து தொடர்பை விடுகிறது என்றார். கியர்பாக்ஸின் மேல் ஒரு ஸ்பேனர்கூடப் படவில்லை, முரளி. வாத்தியாராக இருந்தால் உடனே பழைய காலத்துப் புகழ் பாடத் தொடங்கியிருப்பார். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்த ஹைட்ராமாடிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கணினியே கிடையாது, எண்ணெய் அழுத்தமும் வால்வுகளுமே கியரைத் தீர்மானித்தன என்பார். உண்மைதான். அதில் ஹேர் டிரையருக்கும் வேலை இருந்திருக்காது.

மாட்யூல் வாங்குவதிலும் ஒரு வினை இருக்கிறது. பாகத்தின் எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பல வண்டிகளில் அது பழைய சேஸிஸ் எண்ணோடு பிணைந்திருக்கும், உன் வண்டியை ஏற்காது. நான் புதிதே வாங்கினேன். மாட்டுவது எளிது: பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று, கனெக்டரை எடு, மாற்று. மென்பொருள் ஏற்றுவதுதான் பதற்றம். அதற்கென்று பேட்டரியில் ஒரு மின் ஆதாரத்தை இணைத்து வைத்தார்கள், ஏனென்றால் பாதியில் வோல்டேஜ் சரிந்தால் புது மாட்யூலே வீணாகலாம்.

பிறகு ஓட்டிப் பார்த்தால் முன்னைவிட மோசமாகக் குலுக்கியது! "இதற்கா இத்தனை பாடு?" என்றாள் வீட்டுக்காரி. புது மாட்யூலுக்கு என் கியர்பாக்ஸின் பழக்கவழக்கம் தெரியாது. எந்த கிளட்ச் எண்ணெய் நிரம்பிப் பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அது கற்றுக்கொள்ள வேண்டும். எண்ணெய் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து எல்லா கியர்களும் ஏறி இறங்கும்படி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். இப்போது கியர் மாறுவதே தெரியவில்லை.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். அந்த வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதே. லாரியை முந்தும்போது இது மாட்டிக்கொண்டால், நீ எவ்வளவு மிதித்தாலும் கீழ் கியர் வராது. எதிரே வருபவனுக்கு அது தெரியாது. எனக்கு ஒருமுறை அப்படி ஆயிற்று. அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

உடனே செய்ய வேண்டியது: டி.சி.எம்.முக்குள் இருக்கும் எண்களைப் படிக்கச் சொல்லி எனக்கு எழுது. என்ஜினில் இருப்பவை வேண்டாம். சில வண்டிகளில் மாட்யூல் கியர்பாக்ஸுக்குள்ளேயே எண்ணெயில் மூழ்கியிருக்கும், உன்னுடையது எப்படி என்றும் கேள். எண்ணெயின் நிறத்தையும் வாசனையையும் பார். கறுத்து, கருகல் நாற்றம் அடித்து, அடித்தட்டில் இரும்புத் துகள் கிடந்தால் உன் மெக்கானிக் சொல்வதே சரியாக இருக்கலாம். அப்போது தாராளமாகக் கையெழுத்துப் போடு, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். வாத்தியாரின் கண் அறுவை என்ன ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்வதில்லை, நீயாவது எழுது. பேட்டரியை நீயே அளந்துவிடலாம். மீட்டர் இல்லை என்று மட்டும் சொல்லாதே, என்னுடையதை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவன் நீதான்.

உன்
ராகவன்