சதுரம் என்று பெயர் ஒட்டி வந்த செங்கல்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஜூன் 9 அன்று வாங்கிய 'திட உருவங்கள்' மரப்பெட்டி: தவறான தமிழ்ப் பெயர்கள், தவறான அளவுகள், பணத்தைத் திருப்பித் தருவது குறித்து.

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து எல்.பி. பள்ளி ஒன்றில் தமிழ் வழி ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 'கேரளத்துத் தமிழ் வழிப் பள்ளிகளுக்கென்றே தயாரித்தது' என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி 1,850 ரூபாய் கட்டினேன். பள்ளிக் கணக்கு அல்ல, என் கைக்காசு. இத்தனை வருஷமும் தீப்பெட்டி, பவுடர் டப்பா, பம்பரம், கோலிக்குண்டு என்று வைத்துத்தான் ஓட்டினேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மரத்தில் வழவழவென்று ஒரு செட் இருந்தால் பிள்ளைகள் ஆசையாகத் தொடுவார்களே என்றுதான் வாங்கினேன்.

பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் பாய்ந்து எடுத்தார்கள். அதுவரை எல்லாம் சரி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பையன் செங்கல் மாதிரி இருந்த கட்டையைத் தூக்கி, அதில் ஒட்டியிருந்த பெயரை உரக்கப் படித்தான்: "ச...து...ர...ம்." அப்புறம் என்னைப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், சதுரம்னா நாலு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு நேத்து சொன்னீங்களே?" என்றான்.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது. உங்களுக்குப் புரியவில்லை என்பது உங்கள் ஆட்களிடம் போனில் பேசியபோது தெரிந்தது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

மலையாளத்தில் 'சதுரம்' என்றால் நாம் செவ்வகம் என்று சொல்வது. நாம் சதுரம் என்பதை அவர்கள் 'சமசதுரம்' என்பார்கள். செங்கல் வடிவத்துக்கு அவர்களுடைய பாடப்புத்தகத்தில் 'சதுரக்கட்ட' என்று பெயர். பொருத்தமான பெயர்தான், குறையே சொல்ல முடியாது. நீங்கள் அந்த மலையாளப் பட்டியலை எடுத்து, 'கட்ட' என்ற சொல்லை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருக்கிறீர்கள். கனசெவ்வகத்துக்கு 'சதுரம்', கனசதுரத்துக்கு 'சமசதுரம்', பிரமிடுக்கு 'ஸ்தூபிகை', கூம்புக்கு 'விருத்த ஸ்தூபிகை'. விருத்தம் என்றால் எங்களுக்குப் பாட்டு, ஐயா. கோளம் மட்டும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்று என்பதால் தப்பித்தது.

வேறு ஊராக இருந்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். இங்கே அப்படி முடியாது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். இந்தப் பக்கம் ஒரே திண்ணையில் இரண்டு மொழியும் உட்கார்ந்திருக்கும். என் வகுப்புப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், அடுத்த வீட்டு அக்காவிடம் மலையாளம் பேசும், அந்த அக்கா தன் கணக்கு நோட்டைக் காட்டி 'சதுரம்' என்று வேறொன்றைச் சொல்லிக் கொடுப்பாள். இரண்டுமே சரி, ஆனால் இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டுவதுதான் ஜூன் மாதம் முழுக்க எனக்கு வேலை. அந்த வேலையை உங்கள் ஸ்டிக்கர் ஒரே நாளில் கலைத்தது.

இன்னொன்று. மொழி எதுவானாலும், ஒரு கட்டைக்கு 'சதுரம்' என்று பெயர் வைக்கலாமா? சதுரம் தாளில் கிடப்பது, கனசதுரம் கையில் நிற்பது. நான் இதைச் சொல்லிப் புரிய வைப்பதில்லை, அச்சு வைத்துக் காட்டுவேன். கட்டையின் ஒரு முகத்தில் சாயம் தடவித் தாளில் அழுத்தினால் சதுரம் விழும். ஆறு முகத்தையும் அழுத்தினால் ஆறும் ஒரே சதுரம். உருளையை நிற்க வைத்து அழுத்தினால் வட்டம், கூம்பை வைத்தாலும் வட்டம். கோளத்தை என்ன செய்தாலும் ஒரு பொட்டுதான் விழும். அந்தப் பொட்டைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வடிவம் வேறு, அது விட்டுப்போகும் தடம் வேறு என்பது அந்தச் சிரிப்போடு மனதில் ஏறிவிடும்.

உங்கள் கனசதுரத்தில் இதையும் செய்து பார்த்தோம். ஆறு தடத்தையும் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த சிறுமி, "இந்த நாலு மட்டும் குள்ளமா இருக்குதுங்க டீச்சர்" என்றாள். ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளம் 50 மில்லிமீட்டர், அகலம் 50, உயரம் 46. ஆக, இரண்டு சதுரம், நாலு செவ்வகம். ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணில் பட்ட 4 மில்லிமீட்டர் உங்கள் பரிசோதனையில் படவில்லை.

கூடவே வந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூம்பும் உருளையும் அடுத்த கதை. 'கூம்பால் மூன்று முறை ஊற்றினால் உருளை நிரம்பும்' என்று கையேட்டில் போட்டிருக்கிறீர்கள். அடியும் உயரமும் ஒன்றாக இருந்தால் அது உண்மை. உங்கள் உருளையின் உள்உயரம் 10 சென்டிமீட்டர், கூம்பின் உயரம் 8. வாய் அகலம் மட்டும் ஒன்று. மூன்று முறை அரிசியைக் கொட்டியும் உருளையில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக நின்றது. ஒன்றாம் வகுப்புக்குக் கன அளவு பாடம் கிடையாதுதான். ஆனால் "மூணு, மூணு" என்று கத்திக்கொண்டு நின்ற பிள்ளைகள் முன்னால் நான் நாலாவது முறை அள்ள வேண்டியதாயிற்று.

கையேட்டில் சதுர அடி பிரமிடுக்கு 4 முகம், 8 விளிம்பு, 5 முனை என்று இருக்கிறது. அடிப்பக்கத்தை எண்ண மறந்துவிட்டீர்கள், 5 முகம். முகத்தையும் முனையையும் கூட்டி விளிம்பைக் கழித்தால் 2 வர வேண்டும் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் சொல்லிவிட்டுப் போன கணக்கு. கனசதுரத்தில் 6 முகம், 8 முனை, 12 விளிம்பு, சரியாக வரும். அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒரு நிமிஷம் கூட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெட்டியில் '3 வயது முதல், விளையாட்டுப் பொருள்' என்று இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஈரக் கை பட்டதும் சிவப்புச் சாயம் விரலில் ஒட்டுகிறது. அந்த விரல் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் சேவை எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை பேசிய தம்பி, "சதுரம்னா சதுரம்தானே மேடம், இதுல என்ன தப்பு?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கையில் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 1,850 ரூபாயையும் திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் தாருங்கள். இதே பெட்டி சித்தூர், தேவிகுளம், பீருமேடு பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளுக்குப் போயிருந்தால் அவர்களுக்குத் திருத்திய ஸ்டிக்கரும் கையேடும் அனுப்புங்கள். புதிதாக அச்சடிக்குமுன் தமிழில் கணக்கு எடுக்கும் ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். கூப்பிட்டால் நானே பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும், பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். ரசீது, அளந்து எடுத்த படங்கள், பிள்ளைகள் வைத்த ஆறு தடங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். கோளம் மட்டும் அதில் இல்லை. 'அம்மாவிடம் காட்டணும்' என்று ஒரு பையன் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். திங்கட்கிழமை கொண்டுவந்ததும் வைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை (தமிழ் வழி),
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.