மொட்டைக்கு, சாந்தோரினி புக்கிங் பற்றி

மாப்ள மொட்டைக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரை பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. கணக்கு வாத்தியார் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியது யார் தெரியுமா, நம்ம குள்ளன். இனி அந்தச் சுவர் ஏறிக் குதிக்க அனுமதி வாங்க வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்குக் கிரேக்க நாட்டுச் சாந்தோரினித் தீவில் ஐந்து இரவு என்று நீ அனுப்பிய புக்கிங்கை நேற்று வரி வரியாகப் படித்தேன். படம் பிரமாதம். தேதியும் நல்ல தேதி. ஜூன் கடைசி என்றால் ஜூலை நடுவில் வலுக்கும் வடகாற்றுக்கு முன்னால் போய் வந்துவிடலாம். மற்றதெல்லாம் தப்பு. இலவசமாக ரத்து செய்ய வருகிற வெள்ளி வரைக்கும்தான் நேரம் இருக்கிறது. கடிதம் எழுதச் சோம்பல்பட்டவன் இன்று எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் அந்தி. "சன்செட் பார்த்துக்கொண்டே சாப்பிடப்போகிறோம்" என்று எழுதியிருக்கிறாய். நீ எடுத்திருப்பது ஈயா கிராமத்தில், கால்டெரா பக்கம் பார்த்த குகை அறை. (ஓயா என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதே, ஈயா.) கால்டெரா என்பது கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 1600 வருஷத்துக்கு முன் வெடித்த எரிமலை உள்ளே இடிந்து விழுந்து கடல் புகுந்த பள்ளம். ஈயா அதன் வட முனையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அங்கே கால்டெராவைப் பார்த்த அறை தெற்கு முகம் பார்க்கும். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் நேர் மேற்கிலிருந்து 30 பாகை வடக்கே தள்ளி விழுகிறது. உன் மாடியிலிருந்து பார்த்தால் அது உன் முதுகுக்குப் பின்னால், ஊருக்கு அந்தப் பக்கம். பார்க்க வேண்டுமென்றால் மேற்கு முனையிலுள்ள இடிந்த கோட்டைக்குப் போய், நம்ம ஊர்த் தேர்முட்டிக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். "கால்டெரா வியூ" வேறு, "சன்செட் வியூ" வேறு. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதுவான்.

மாடியிலிருந்தே பார்க்க ஆசையென்றால் இமெரோவிக்லி, இல்லாவிட்டால் ஃபிரோஸ்டெஃபானி. இரண்டும் கிழக்குச் சுவரின் உச்சியில் மேற்கு பார்த்த ஊர்கள். ஜூன் கடைசியில் சூரியன் ஈயாவுக்கும் திராசியா தீவுக்கும் நடுவிலுள்ள கடல்வாயில் இறங்கும், ராத்திரி எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். ஏழு மணிக்கு மேசை பிடித்தால் ஒன்றரை மணி நேரம் கண்கூசும். எட்டு மணிக்குப் பிடி.

அடுத்தது படி. இதைத்தான் நான் ராத்திரி முழுக்க யோசித்தேன்.

அந்த ஊர்களில் வண்டி ஓடும் தெரு மலை முகட்டோடு நின்றுவிடும். ஓட்டல் அங்கிருந்து கீழே, செங்குத்தான பாறைச் சரிவில் அடுக்கடுக்காகத் தொங்குகிறது. முகட்டுப் பாதையிலிருந்து அறைக்கு இருபது படியும் இருக்கலாம், நூற்றைம்பது படியும் இருக்கலாம். ஓட்டலுக்குள்ளேயே காலைச் சாப்பாடு ஒரு தட்டில், நீச்சல் தொட்டி ஒரு தட்டில், வரவேற்பறை உச்சியில். ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறி இறங்கினால் கணக்குப் போட்டுக்கொள். படிகள் ஒரே உயரமாக இருக்காது. ஒன்று அரையடி, அடுத்தது முக்காலடி. பல இடத்தில் கைப்பிடி கிடையாது. வழவழப்பாக இழைத்த சிமெண்டுத் தரை, ஈரக்காலோடு வந்தால் வழுக்கும். லிஃப்ட் இருக்கும் இடங்கள் உண்டு, மிகச் சில.

போன வருஷம்தான் தங்கச்சிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. ஏறுவதைவிட இறங்குவதுதான் அந்த முட்டிக்குக் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக நீயே எழுதியிருந்தாய். அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள், மாப்ள. முதல் நாள் சிரித்துக்கொண்டே இறங்குவாள், இரண்டாம் நாள் "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்பாள். இருபத்தைந்து வருஷமாக அவள் அப்படித்தான், உனக்குத் தெரியாததா. லட்சக்கணக்கில் கொட்டி அவளை ஒரு அறையில் உட்காரவைத்துவிட்டு வராதே.

ஓட்டலுக்கு எழுதும்போது "ஈஸி ஆக்சஸ் இருக்கா" என்று கேட்காதே, "ஆமாம்" என்று பதில் வரும். எண்ணிக்கையாகக் கேள்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து இந்த எண்ணுள்ள அறைக் கதவு வரை எத்தனை படி? அறையிலிருந்து காலைச் சாப்பாட்டு இடத்துக்கு எத்தனை? அறைக்குள்ளேயே படி உண்டா? குகை அறைகளில் கட்டில் ஒரு தட்டு, குளியல் ஒரு தட்டு என்று இருக்கும்; நடுராத்திரி எழுந்து போகிறவனுக்கு அதுதான் பொறி. முப்பதுக்குக் கீழே சொன்னால் எடு. உச்சி வரிசையில் எடுத்தால் பாதையில் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்கும், அதைச் சகித்துக்கொள்ளலாம். கீழ் வரிசை அமைதிதான். ஆனால் மேலே நிற்கிறவன் எல்லாம் உன் தொட்டியை எட்டிப் பார்ப்பான். உன் தொப்பை எந்த ஊர்க்காரன் போனில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

பெட்டி தூக்க ஆள் உண்டு, தோளில் வைத்து இறக்குவார்கள். பெரியப்பா சூட்கேஸை மறந்துவிடு. 28 கிலோவில் ஒன்றுக்குப் பதிலாக 14 கிலோவில் இரண்டு. இன்னொன்று, தீவின் முக்கிய ஊரான ஃபிராவின் பழைய துறைமுகத்தில் கழுதைச் சவாரி செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். 2018இல் கிரேக்க அரசு போட்ட விதிப்படி கழுதை மேல் 100 கிலோவுக்கு மேலோ, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக் கூடாது. 200 கிலோ கழுதைக்கு 40 கிலோ. நீ பத்தாம் வகுப்பிலேயே அதைத் தாண்டிவிட்டாய். கேபிள் காரில் போ, சில நிமிஷம்தான்.

குகை அறை என்ற பெயரைப் பார்த்து மயங்காதே, பயப்படவும் வேண்டாம். எரிமலைச் சாம்பல் இறுகிய மண்ணில் நீளவாக்கில் குடைந்தது. முகப்பு குறுகல், ஜன்னல் முகப்பில் மட்டும். வெயிலில் உள்ளே குளுகுளு என்று இருக்கும், ஆனால் உட்பக்கம் ஈரவாடை வரும். அறையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் இருக்கிறதா என்று கேள். ஒரு வேடிக்கை: அந்தக் காலத்தில் கப்பல் முதலாளிகள் மேலே மாளிகை கட்டி இருந்தார்கள், கூலி மாலுமிகள்தான் கீழே இந்தக் குகைகளில் இருந்தார்கள். 1956 ஜூலை 9 நிலநடுக்கத்தில் ஊரில் பெரும்பகுதி இடிந்து, 1970களில் கிரேக்கச் சுற்றுலாத் துறை சீர் செய்து விடுதியாக்கிய குகைகள் ஈயாவில் உண்டு. கூலிக்காரன் குகைக்குத்தான் இன்று முதலாளி வாடகை.

"பிரைவேட் பூல்" என்றிருப்பது தொட்டி. நாலு கை வீசினால் அந்தக் கரை. வெந்நீரா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். எத்தனை டிகிரி, அதற்குத் தனிக் காசா என்று கேள். வெளித் தொட்டியில் காற்றடித்தால் பத்து நிமிஷத்தில் பல் கிட்டிக்கும். கொடைக்கானல் கம்பளி ஞாபகம் வருகிறதா?

இப்போது உன் கால அட்டவணை. முதல் நாள் ராத்திரி பத்தரைக்கு விமானம் இறங்குகிறது. பதினொன்றரைக்கு அறைக்குப் போவாய், இருட்டில் எந்தக் கடலும் தெரியாது, முழு வாடகை போய்விடும். கடைசி நாள் அதைவிட மோசம். காலை பதினொன்று மணி அதிவேகக் கப்பலில் ஏறி நாலு மணிக்குப் பிரேயுஸ் துறைமுகம், அன்றே ராத்திரி எட்டுக்கு ஏதென்ஸிலிருந்து ஊருக்கு விமானம். துறைமுகத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோவிலேயே ஒரு மணி நேரம். கப்பல் ஒரு மணி தாமதித்தால் கௌண்டர் மூடியிருக்கும். காற்று ஏறினால் முதலில் நிற்பது இந்த அதிவேகப் படகுகள்தான். காற்றின் வேக அளவு 8 போஃபோர்ட்டைத் தொட்டால் பொதுவாகப் பெரிய கப்பல்களுக்கும் தடை போடுவார்கள். மதுரை பஸ் ஸ்டாண்டில் நீ செய்த வேலையை அங்கே செய்ய முடியாது, மாப்ள.

அதனால் ஐந்து இரவை இப்படி உடை. முதல் இரவு கமாரியில் படுங்கள். கிழக்குக் கடற்கரை, சமதரை, ஏர்போர்ட்டுக்குப் பக்கம், வாடகை அதில் கால்வாசிகூட வராது. காலையில் கறுப்புக் கூழாங்கல் கரையில் கால் நனைக்கலாம். செருப்போடு போ, பத்து மணிக்கே கல் கொதிக்கும். கால்டெரா பக்கம் நீ நினைக்கிற மாதிரி கடற்கரை கிடையாது, பாறை நேராக ஆழத்தில் இறங்குகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மேலே போனால் அறை தயாராக இருக்கும். அங்கே மூன்று இரவு. ஐந்தாம் நாள் காலையில் ஏதென்ஸுக்கு விமானம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. கடைசி இரவு ஏதென்ஸில். விமானமே ரத்தானாலும் உனக்கு ஒரு நாள் கையில் இருக்கும். ஐந்து இரவுக் காசு மூன்று இரவுக்கு என்றால், அதே பணத்தில் படி குறைந்த நல்ல அறையாகவே கேட்கலாம்.

ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறைக்கு, இரவுக்கு 15 யூரோ அரசு வரி தனி. புக்கிங் தொகையில் பெரும்பாலும் இது சேராது, அங்கே போய்க் கட்ட வேண்டும்.

ஊர் சுற்றுவது பற்றி அதிகம் எழுதவில்லை. ஈயாவைக் காலை ஏழு மணிக்குப் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பிவிடு. சொகுசுக் கப்பல்கள் இறக்கிவிடும் கூட்டம் அதற்குப் பிறகுதான் வரும். 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதுவே அந்தச் சந்துகளுக்கு அதிகம். கண்டிப்பாகப் போக வேண்டியது அக்ரோத்திரி. சாம்பலில் புதைந்த ஊரை 1967இல் ஸ்பைரிடான் மரினாடோஸ் தோண்ட ஆரம்பித்தார். மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் சாக்கடை, வரிசையாகத் தாழிகள். தாழிகளைப் பார்த்தால் நம்ம பாட்டி வீட்டுக் குதிர்ப் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும். கூரை போட்டு நடைபாதை கட்டியிருப்பதால் தங்கச்சிக்குச் சுலபம். படகில் போனால் வெந்நீர் ஊற்றில் வெள்ளைத் துணியோடு இறங்கவிடாதே. இரும்புக் கறை, போகாது.

சாப்பாடு பற்றித் தங்கச்சி கவலைப்பட வேண்டாம். "ஃபாவா" கேளுங்கள், நம்ம பருப்புக் கடையல்தான், மேலே வெங்காயம், ஆலிவ் எண்ணெய். அந்தப் பருப்பு நம்ம ஊர்க் கேசரிப் பருப்புக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. மேலே ஆக்டோபஸ் போட்டுத் தருவதும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடு. "தொமாதோகெஃப்தேதெஸ்" என்பது தக்காளிப் பக்கோடா. "நிஸ்திசிமோ" என்று ஒரு சொல் மனப்பாடம் செய்துகொள்: அவர்களுடைய நோன்புச் சாப்பாடு, இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் நோன்பில் இறாலும் கணவாயும் சேர்த்தி, அதையும் கேட்டுக்கொள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். கழிப்பறைக் காகிதம் பல இடங்களில் கூடையில்தான் போட வேண்டும், குழாய் ஒடுக்கம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் அங்கே வாரக்கணக்கில் நிலம் நடுங்கியது. ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டுப் போனார்கள். பெரிய சேதமில்லாமல் அடங்கியது. நடுங்குகிற பூமிதான் அது, எரிமலை 1950இல் கடைசியாகக் கக்கியது. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ இன்ஷூரன்ஸ் மருத்துவத்துக்குத்தான். நிலநடுக்கத்தால் பயணம் ரத்தானால் காசு வருமா என்று பாலிசியில் தனியாகப் பார்.

வெள்ளி நள்ளிரவு என்று போட்டிருப்பது ஓட்டலின் நேரமாகத்தான் இருக்கும், நமக்கு அது சனி அதிகாலை இரண்டரை. அதை நம்பிக் கடைசி வரை இழுக்காதே, வியாழனே முடி. புதிய ஓட்டலிலிருந்து படிக்கணக்கு எழுத்தில் வந்த பிறகு பழையதை ரத்து செய். வரும் பதிலை அப்படியே எனக்கு அனுப்பு, உன் பாணியில் சுருக்கி எழுதாதே.

தங்கச்சியிடம் படி விஷயம் நான் எழுதியதாகச் சொல்லாதே.

உன்
கணக்குப்பிள்ளை